வைக்கிங் கடலை ஆர்கெஸ்ட்ராவில் கேட்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா இசையை எங்கே தொடங்குவது என்று கேட்டால் பலரும் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைத்தான் கையில் கொடுப்பார்கள். மாபெரும் இசைதான், சந்தேகமில்லை. ஆனால் புதிதாக வருபவர் பிடித்துக்கொண்டு நடக்க அதில் கதை என்று ஒன்று கிடையாது. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். பாதியில் கவனம் சிதறினால் எங்கே விட்டோம் என்றே தெரியாது.

நான் சிபாரிசு செய்வது ஒரு கடல் பயணத்தை. கப்பல் கிளம்புகிறது, எங்கு பார்த்தாலும் தண்ணீர், வெகுநேரம் கழித்துத் தொலைவில் மலை தெரிகிறது, கரையில் ஆட்டமும் பாட்டும், பிறகு விடைபெற்று மறுபடி கடல். இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. வட ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர்கள் வைக்கிங்குகள், கப்பலேறிக் கொள்ளையும் வணிகமும் குடியேற்றமுமாக வாழ்ந்த பழைய வட ஐரோப்பியர்கள், ஊருக்கு ஊர் கடல்தான் வழி. டென்மார்க்கின் கார்ல் நீல்சன், நார்வேயின் எட்வர்ட் கிரீக் இருவரின் படைப்புகளையும் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். இரண்டையும் கேட்க இருபது நிமிடம்கூட ஆகாது.

முதல் படி: கொம்பு வைத்த தலைக்கவசத்தைக் கழற்றிவையுங்கள்

வைக்கிங் என்றதும் மனதில் வருவது கொம்பு முளைத்த தலைக்கவசம், ரத்தம் சொட்டும் கோடரி, காது கிழியும் முரசு. கொம்பு விஷயம் முழுக்க நாடக மேடையின் வேலை. 1876-இல் ஜெர்மனியின் பைரோய்த் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் நால்தொடர் ஓபரா (பாடியே நடிக்கும் நாடகம்) மேடையேறியபோது, உடை வடிவமைத்த கார்ல் எமில் டாப்ளர் என்ற ஓவியர் தலைக்கவசங்களில் கொம்பைச் செருகினார். பார்வையாளர்களுக்கு அது பிடித்துப்போய் அப்படியே நிலைத்துவிட்டது. நிஜ வைக்கிங்குகள் போருக்குக் கொம்போடு போனதற்குச் சான்று இல்லை.

காதிலும் இதே மாதிரி ஒரு கொம்பு இருக்கிறது. திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் பழக்கிவிட்ட முரசொலிதான் அது. அதை எதிர்பார்த்துக்கொண்டு நீல்சனைப் போட்டால், முதல் 2 நிமிடத்திலேயே 'என்ன, ஒன்றுமே நடக்கவில்லையே' என்று அணைத்துவிடுவீர்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அங்கே நடப்பது. கடலில் போகிறவனுக்குப் பெரும்பாலான நேரம் காத்திருப்புதான். இந்த இசைகளில் முக்கியமான இடம் போரும் புயலும் அல்ல, கரை கண்ணில் படும் அந்த ஒரு கணம். அதைப் பிடிக்கக் காது பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

இரண்டாம் படி: அவர்கள் எப்படிக் கடலைக் கடந்தார்கள் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

இசைக்கு முன்னால் வரலாறு எதற்கு என்று தோன்றலாம். பத்து நிமிடம் இதற்குச் செலவிட்டால், 'கரை தெரிகிறது' என்ற இடத்தில் ஆர்கெஸ்ட்ரா ஏன் அப்படிப் பொங்குகிறது என்பது புரியும்.

வைக்கிங்குகளிடம் காந்த திசைகாட்டி கிடையாது. ஐஸ்லாந்தில் மக்கள் குடியேறிய வரலாற்றைச் சொல்லும் பழைய நூல் ஒன்றில், நார்வேயிலிருந்து கிரீன்லாந்துக்குப் போக வழி எழுதியிருக்கிறது. ஹெர்னார் என்ற இடத்திலிருந்து நேர் மேற்கே பாய் விரிக்க வேண்டும். ஷெட்லாந்து தீவுகளுக்கு வடக்கே போக வேண்டும், ஆனால் வானம் தெளிவாக இருந்தால் மட்டுமே அவை கண்ணில் படுகிற தூரத்தில். ஃபேரோ தீவுகளுக்குத் தெற்கே போக வேண்டும், மலைகளின் பாதி உயரம் வரை கடல் மறைக்கிற மாதிரி. ஐஸ்லாந்துக்குத் தெற்கே போகும்போது நிலம் தெரியவே தெரியாது. அங்கிருந்து வரும் பறவைகளும் திமிங்கிலங்களும் தென்பட்டால் வழி சரி என்று அர்த்தம்.

மலையின் பாதி நீருக்குள் இருப்பதுபோலத் தெரிய வேண்டும் என்ற அந்தக் குறிப்பை யோசித்துப் பாருங்கள். பூமி உருண்டை என்பதால் தொலைவிலுள்ள மலையின் அடிவாரம் தொடுவானத்துக்குக் கீழே போய்விடுகிறது. எவ்வளவு மறைகிறது என்பதை வைத்தே எவ்வளவு தூரம் என்று கணித்திருக்கிறார்கள். கருவி எதுவும் இல்லாமல், வெறும் கண்ணால்.

அதே நூலில் ஃப்ளோக்கி என்பவனின் கதையும் வருகிறது. ஐஸ்லாந்தைத் தேடிப் போன அவன் மூன்று அண்டங்காக்கைகளைக் கப்பலில் கொண்டுபோனான். ஃபேரோ தீவுகளைத் தாண்டியதும் முதல் காக்கையை விட்டான், அது வந்த வழியே திரும்பிப் பறந்தது. அடுத்ததை விட்டான், அது மேலே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கப்பலுக்கே வந்துவிட்டது. மூன்றாவது, கப்பலின் முன்பக்கமாகவே நேரே பறந்தது. அந்தத் திசையில் போய்க் கரையைக் கண்டான். நமக்கு இது புதிய காட்சி இல்லை. எங்கும் போய்க் கரை காணாமல் மீண்டு வந்து 'வங்கத்தின் கூம்பேறும் மாப்பறவை' (வங்கம் என்றால் கப்பல், கூம்பு அதன் பாய்மரம்) என்று குலசேகர ஆழ்வார் பாடியிருப்பதும் இதே மாதிரி ஒரு பறவையைத்தான். நம் கடலிலும் பறவை மாலுமிக்குத் துணையாக இருந்திருக்கிறது.

கப்பலைப் பற்றி ஒன்றே ஒன்று. 1880-இல் நார்வேயின் கோக்ஸ்டாட் என்ற பண்ணையில் ஒரு புதைமேட்டிலிருந்து தோண்டியெடுத்த கப்பல் 23 மீட்டருக்கு மேல் நீளம், 16 ஜோடித் துடுப்புகள். 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பேற்றி ஆணியடித்திருப்பதால் உடல் முழுக்க வளைந்துகொடுக்கும். 1893-இல் அதே அளவில் ஒரு கப்பல் கட்டி, பெர்கனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து சிகாகோ உலகக் கண்காட்சி வரை கொண்டுபோனார்கள். அலை அடிக்கும்போது கப்பலின் விளிம்பு முறுக்கிக்கொண்டதாக அதன் தலைவர் மாக்னுஸ் ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். அலையோடு மோதாமல் அலையோடு சேர்ந்து நெளிகிற கப்பல் அது. ஆர்கெஸ்ட்ராவில் வயலினைவிடப் பெரிய தந்தி வாத்தியங்களான செல்லோக்களும் வயோலாக்களும் ஏறி இறங்குவதைக் கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: கேட்பதற்கான ஏற்பாடு

இதில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. போனின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். கடலைக் காட்டும் வேலையை டபுள் பாஸ், பசூன், டிம்பனி போன்ற அடிக்குரல் வாத்தியங்கள்தான் செய்கின்றன. போன் ஸ்பீக்கரில் அவை காணாமலே போய்விடும், மிஞ்சுவது மேலே மிதக்கும் கொஞ்சம் வயலின். சாதாரண ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது வேண்டாம்.

தொடக்கம் மிக மெல்லியதாக இருக்கும். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவைத்தால் நடுவில் பித்தளை வாத்தியங்கள் எழும்போது தூக்கிவாரிப்போடும். அதனால் முதலில் நடுப்பகுதிக்குத் தாவி, உரத்த இடம் ஒன்றில் ஒலியைச் சரிசெய்துகொண்டு, பிறகு முதலிலிருந்து போடுங்கள். மின்விசிறி சத்தம் இல்லாத நேரமாக இருந்தால் நல்லது. ஏப்ரல் மாதத்தில் அது நடக்காத காரியம்தான்.

நான்காம் படி: நீல்சனோடு ஃபேரோ தீவுகளுக்கு

இப்போது இசைக்கு வரலாம். படைப்பின் பெயர் 'ஃபேரோ தீவுகளுக்கு ஒரு கற்பனைப் பயணம்'. ராப்சடி ஓவர்சர் என்ற வகை, அதாவது இறுக்கமான வடிவம் இல்லாமல் நாட்டார் மெட்டுகளைக் கோத்துப் போகும் தனித்த ஒரு ஆர்கெஸ்ட்ரா துண்டு. நீளம் சுமார் 10 நிமிடம். இணையத்தில் தேடும்போது நீல்சன் பெயரோடு ஃபேரோ என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடும். தாமஸ் டவுஸ்கார்ட் நடத்திய டேனிஷ் தேசிய ஆர்கெஸ்ட்ராவின் பதிவு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேரோ தீவுகள் ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையில் அட்லாண்டிக்கின் நடுவே நிற்கும் 18 தீவுகள். வைக்கிங்குகள் குடியேறிய இடம், இன்றைய ஃபேரோ மொழியும் அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் வழிவந்ததுதான். அரசியல் ரீதியாக டென்மார்க் மன்னராட்சியின் பகுதி, தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய அதே டென்மார்க். 1927 நவம்பரில் ஃபேரோ தீவினர் கோபன்ஹேகனுக்கு வந்தபோது, அரச நாடக அரங்கில் அவர்களுக்காக ஒரு சிறப்பு நிகழ்ச்சி நடந்தது. அதற்கென்று எழுதிக்கொடுத்ததுதான் இது. நீல்சனுக்கு அப்போது வயது 62, ஆறு சிம்பொனிகளையும் எழுதி முடித்திருந்தார். சிம்பொனிகளின் கனம் இதில் இல்லை என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். தொடங்குபவருக்கு அந்த லேசுதான் வசதி.

மூன்று தடவை கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் வேறு வேலை.

முதல் தடவை எதையும் தேடாதீர்கள், ஐந்து கட்டங்களை மட்டும் அடையாளம் கண்டால் போதும். அமைதியான கடல், நிலம் தெரிவது, கரையில் ஆட்டமும் பாட்டும், விடைபெறுதல், மறுபடியும் அமைதியான கடல். எந்தக் கட்டம் எங்கே மாறுகிறது என்று நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குறிப்பு சரியா தப்பா என்று யாரும் திருத்தப்போவதில்லை.

இரண்டாம் தடவை அடிக்குரலை மட்டும் கவனியுங்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கே ஒரு சிக்கலும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. நம் கச்சேரியில் தம்பூரா கடைசி வரை ஒரே சுருதியில் நிற்கும், பாடகர் எங்கே போனாலும் வீடு அதே இடத்தில் இருக்கும். ஆர்கெஸ்ட்ராவில் அந்த வீடே நகரும். சிக்கல் அதுதான். ஆனால் கடலைக் காட்ட நினைக்கிற இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் செய்யும் உத்தி, கீழ்ச்சுரத்தை வெகுநேரம் அசைக்காமல் நிறுத்திவைப்பது. ஏறக்குறைய நம் சுருதி மாதிரி. அந்தக் கீழ்ச்சுரம் நிற்கும்வரை நாமும் நடுக்கடலில் நிற்கிறோம். அது நகரத் தொடங்கும் இடத்தில் ஏதோ நடக்கப்போகிறது. தம்பூராவுக்குப் பழகிய காது இந்த நகர்வைச் சட்டென்று பிடித்துவிடும்.

மூன்றாம் தடவை, நிலம் தெரிகிற இடம். அங்கே நீல்சன் எடுத்துக்கொண்டது ஃபேரோ தீவுகளில் பாடப்படும் ஒரு நாட்டார் மெட்டு, ஈஸ்டர் மணிகள் மெல்ல ஒலித்ததைச் சொல்லும் பாட்டு. அதுவரை மெட்டு என்று சொல்லிப் பாடும்படி எதுவும் இல்லை, வெறும் நிறமும் அசைவும்தான். திடீரென்று பாடக்கூடிய ஒன்று கிடைக்கிறது. தனக்குத் தெரிந்த பாட்டை அரங்கில் உட்கார்ந்திருந்த ஃபேரோக்காரர் அந்த இடத்தில் கேட்டிருப்பார், அதுவும் கோபன்ஹேகனில், அரச அரங்கில். தொலைவில் சொந்த மலை தெரிவதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? நமக்கு அந்த மெட்டு முன்பே தெரியாது என்பதால்தான் மூன்றாம் தடவை. இரண்டு முறை கேட்ட பிறகு நமக்கும் அது தெரிந்த முகமாகிவிடும்.

அப்புறம் ஆட்டம். இது வந்ததும் பலர் தாளம் போட ஆரம்பித்துவிடுவார்கள், போடுங்கள். ஃபேரோ தீவுகளின் சங்கிலி ஆட்டத்தில் வாத்தியமே கிடையாது. எல்லாரும் கைகோத்து வட்டமாக நின்று, இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் ஓரடி என்று நகர்ந்துகொண்டே நீளமான கதைப்பாடல்களைப் பாடுவார்கள். மரத் தரையில் விழும் கால்களின் சத்தம்தான் முரசு. இணையத்தில் காணொளிகள் நிறைய உண்டு, ஒன்றை 2 நிமிடம் பார்த்துவிட்டு நீல்சனுக்குத் திரும்பினால் அவர் எங்கே உண்மையான ஆட்டத்தின் கனத்தைப் பிடித்திருக்கிறார், எங்கே கோபன்ஹேகன் மேடைக்காக மெருகேற்றியிருக்கிறார் என்று நீங்களே சொல்வீர்கள். என் கணிப்பில் மெருகு கொஞ்சம் அதிகம்.

கரையை விட்டுக் கிளம்பும் கடைசிப் பகுதியைத்தான் எல்லாரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள். இசை தேய்ந்து மறுபடி முதல் கடலுக்கே போகும். முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், கடைசிச் சுரம் வரை இருங்கள்.

ஐந்தாம் படி: கிரீக், ஒலாவ், கரை

அடுத்தது வார்த்தைகள் உள்ள இசை. கிரீக்கின் 'லாண்ட்ஷென்னிங்', அதாவது 'கரை கண்ணில் படுதல்', ஓபஸ் 31 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்). ஆண்கள் சேர்ந்திசைக் குழு, தனிப்பாடகராக ஒரு பாரிட்டோன் (நடுத்தர ஆண் குரல்), கூடவே ஆர்கெஸ்ட்ரா. நீளம் 6, 7 நிமிடம். நார்வே மொழிப் பெயரைத் தட்டுவது சிரமமாக இருந்தால் கிரீக், ஓபஸ் 31 என்று தேடுங்கள். நீமே யார்வி கோத்தன்பர்க் ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவுசெய்தது எளிதில் கிடைக்கும்.

பாட்டை எழுதியவர் பியோர்ன்ஸ்டியர்ன பியோர்ன்சன், நார்வே தேசிய கீதத்தின் வரிகளை எழுதியவர், 1903-இல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். டிரான்ட்ஹெய்ம் நகரத்தின் பழம்பெரும் பேராலயத்தைப் புதுப்பிக்கப் பணம் திரட்டும் நிகழ்ச்சிக்காக 1872-இல் எழுதினார்கள். 1881-இல் கிரீக் அதைத் திருத்தினார். கோக்ஸ்டாட் கப்பல் வெளியே வந்தது 1880-இல் என்பதை நினைவில் வையுங்கள். முதல் வடிவத்தை எழுதும்போது அவர் அந்தக் கப்பலைப் பார்த்திருக்க வழியே இல்லை. அவர் கப்பலை எழுதவில்லை, கப்பலிலிருந்து பார்ப்பவனை எழுதினார். அதனாலேயே இன்றும் பழசாகாமல் இருக்கிறது.

கதை இதுதான். ஒலாவ் டிரிக்வசன் நார்வே அரச வம்சத்தில் பிறந்தவன், வெளிநாடுகளில் வளர்ந்து, வைக்கிங்காக இங்கிலாந்தைக் கொள்ளையடித்து, அங்கேயே கிறித்தவனாகி, 995-இல் ஆட்சியைக் கைப்பற்ற வட கடலில் தாய்நாட்டை நோக்கிப் பாய் விரிக்கிறான். அந்த நாடு அவனை எதிர்பார்த்திருக்கவில்லை. பாட்டின் தொடக்கமே இந்தச் செய்திதான். தொடுவானத்தில் ஏதோ எழும்புகிறது. சுவர் மாதிரி சாம்பல் நிறத்தில் மலைகள், உள்ளே நுழைய வாசலே இல்லாதது போல. இளம் மன்னனின் கனவெல்லாம் அந்தச் சுவரில் மோதி உடைகிறது. அப்போது கப்பலில் இருக்கும் ஒரு கவிஞன், சாம்பல் சுவருக்குப் பின்னால் நீலக் கோபுரங்களையும் வெண்மையான குவிமாடங்களையும் காண்கிறான், பனி மூடிய சிகரங்கள்தான் அவை. மன்னனுக்கு நாடே ஒரு பெரிய கோயிலாகத் தெரிகிறது. அருவி கொட்டுகிறது, காடு சலசலக்கிறது, அவன் காதில் மணியும் ஆர்கன் ஒலியும் கேட்கின்றன.

கேட்கும்போது முதலில் சேர்ந்திசைக் குழுவைக் கவனியுங்கள். அவர்கள்தான் கதைசொல்லிகள். அகலமான நடையுள்ள மெட்டை, பத்தி பத்தியாகத் திரும்பப் பாடுகிறார்கள். முதல் முறை அது வெறும் பயணப் பாட்டு. கவிஞன் சிகரத்தைக் காணும்போது மெட்டு அதேதான், ஆனால் அர்த்தம் மாறிவிடுகிறது. அப்புறம் பாரிட்டோன் தனியாக எழுவார், இதுதான் மன்னனின் குரல். அவர் பாடுவது கட்டளையல்ல, பிரார்த்தனை. படை நடத்துகிறவன் இந்த இடத்தில் குரலை உயர்த்துவான் என்று எதிர்பார்ப்போம், கிரீக் நேர்மாறாக எல்லாவற்றையும் இறக்கி, வேகத்தையும் குறைத்துவிடுகிறார். அதன்பின் குழு முழுதும் அதைத் தாங்கிப் பிடித்து எழுப்புகிறது. அந்த இறக்கம் இல்லாமல் அந்த எழுச்சி வெறும் சத்தமாகப் போயிருக்கும்.

இசை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாகா எனப்படும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகள்படி ஒலாவ் மோஸ்டர் தீவில் இறங்கிக் கூடாரத்தில் பூசை நடத்தினான். அதன்பிறகு நாட்டை மதம் மாற்றிய விதம் பிரார்த்தனை மாதிரி இல்லை. மறுத்தவர்களுக்குச் சித்திரவதையும் சாவும்தான். 19-ஆம் நூற்றாண்டு நார்வே, சுவீடனோடு ஒரே மன்னரின் கீழ் இருந்த காலம். தனக்கென்று ஒரு தொடக்கக் கதையைத் தேடிக்கொண்டிருந்தது, அதனால் கத்தியை மறைத்து மணியை மட்டும் எடுத்துக்கொண்டது. அழகில் மயங்கலாம், ஆனால் வரலாற்றை இந்த 7 நிமிடத்திலிருந்து படிக்கக் கூடாது.

இதன் வெற்றிக்குப் பிறகு, 1873-இல் கிரீக்கும் பியோர்ன்சனும் ஒலாவைப் பற்றி முழு ஓபராவே எழுதக் கிளம்பினார்கள். பியோர்ன்சன் மூன்று காட்சி கொடுத்ததோடு சரி. கிரீக் இப்சனின் பேர் கிந்த் நாடகத்துக்கு இசையமைக்கப் போய்விட, இருவருக்கும் மனத்தாங்கல். அந்த மூன்று காட்சிகளை மட்டும் ஓபஸ் 50 என்ற பெயரில் பின்னாளில் முடித்தார். ஓபஸ் 31 பிடித்திருந்தால் அதையும் கேட்கலாம், ஆனால் அதில் கடல் இல்லை.

ஆறாம் படி: ஒலாவின் முடிவையும் தெரிந்துகொள்ளுங்கள்

1000-ஆம் ஆண்டுவாக்கில் ஸ்வோல்டர் என்ற கடற்போரில் ஒலாவ் அழிந்தான். அவனுடைய கப்பலுக்கு 'நீள் நாகம்' என்று பெயர், 34 ஜோடித் துடுப்புகள். போரின் நடுவே அவனுடைய வில்வீரன் ஐனாரின் வில் படாரென்று முறிந்தது. என்ன முறிந்தது என்று ஒலாவ் கேட்க, 'உங்கள் கையிலிருந்து நார்வே, மன்னா' என்றானாம் ஐனார். ஃபேரோ சங்கிலி ஆட்டத்தில் இன்றும் மக்கள் அதிகம் விரும்பிப் பாடுவது இந்தக் கப்பலைப் பற்றிய கதைப்பாடல்தான். 1830-வாக்கில் யென்ஸ் கிறிஸ்டியன் யூர்ஹூஸ் என்ற ஃபேரோ விவசாயி எழுதியது. நான்காம் படியில் ஆட்டக் காணொளி தேடும்போது அநேகமாக உங்களுக்கு இதுவே கிடைத்திருக்கும்.

இங்கிலாந்தின் எல்கர் 1896-இல் ஒலாவின் முழுக் கதையையும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்திசையுமாக எழுதினார். ஒன்றரை மணி நேரம், அதை இப்போதே தொட வேண்டாம். 'தோரின் அறைகூவல்' என்ற ஒரு பகுதியை மட்டும் கேளுங்கள், தோர் என்பது வைக்கிங்குகளின் இடிக்கடவுள். முதல் படியில் கழற்றிவைக்கச் சொன்ன கொம்புத் தலைக்கவசம் இங்கே முழுசாகத் தலையில் ஏறியிருக்கும். கேட்க ஜோராகவும் இருக்கும்.

ஏழாம் படி: கப்பலேறாதவன்

நீல்சனுக்குத் திரும்புவோம். 1908-இல் அரங்கேறிய 'சாகா கனவு', ஓபஸ் 39, சுமார் 9 நிமிடம். ஐஸ்லாந்தின் நியால் சாகாவில் வரும் குன்னார் என்ற வீரன் தூங்கிக் கனவு காண்கிறான், கூட இருப்பவர்கள் எழுப்பாமல் விட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. பின்னாளில் இதே குன்னாருக்கு நாட்டை விட்டுப் போகச் சொல்லித் தீர்ப்பாகிறது. கப்பலை நோக்கிக் குதிரையில் போகிறவன், குதிரை இடறவும் இறங்கித் திரும்பிப் பார்க்கிறான். தன் மலைச்சரிவு அவ்வளவு அழகாக இருந்ததே இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கே திரும்பிவிடுகிறான். அதனால் உயிர் போகிறது. கரையைத் தேடிப் போனவர்களின் இசைக்கு அடுத்து, கரையை விட மனமில்லாதவனின் கனவைக் கேட்டால் ஒரு முழுமை வரும்.

இதன் பின்பகுதியில் ஓபோ, கிளாரினெட், பசூன், புல்லாங்குழல் நான்கும் ஒரே நேரத்தில், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வாசிக்கும் ஓர் இடம் உண்டு. இசை நடத்துநர் தாளம் காட்டுவதில்லை. நான்கு எண்ண ஓட்டங்கள் தம்போக்கில் போய், கடைசியில் ஒரு மதகில் சேரும் தண்ணீர்போலச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று நீல்சனே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கச்சேரியிலும் அது வேறு மாதிரி வரும். இரண்டு வெவ்வேறு பதிவுகளில் அந்த ஒரு இடத்தை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல முதல் பயிற்சி எனக்குத் தெரியாது.

சுரக்குறிப்பு படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தகவல். நீல்சனின் படைப்புகள் அனைத்தையும் டென்மார்க் அரச நூலகம் திருத்திப் பதிப்பித்து, இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த நான்கு வாத்திய இடத்தைப் பக்கத்தில் கண்ணால் பார்ப்பது சுவாரஸ்யமாக இருக்கும்.

இன்னும் வேண்டுமென்றால்

இதுவரை வந்தவர்களுக்கு ஐஸ்லாந்தின் யோன் லெய்ஃப்ஸ் எழுதிய சாகா சிம்பொனி காத்திருக்கிறது. 1941–42-இல் ஜெர்மனியில், யூத மனைவியோடும் பிள்ளைகளோடும் நாஜி ஆட்சியின் நடுவே உட்கார்ந்து எழுதியது, முதலில் ஒலித்தது 1950-இல் ஹெல்சிங்கியில். ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு சாகா பாத்திரம். கற்கள், பட்டறைக் கல், மரக் கேடயம், இரும்புக் கேடயம் எல்லாம் இதில் வாத்தியங்கள். வளைந்த பழங்கால வெண்கலக் கொம்புகளையும் கேட்டிருக்கிறார். கிரீக்கின் இனிமை ஒரு துளியும் கிடையாது. பாறை மாதிரி ஒலிகள் வந்து விழும், நடுவில் நீண்ட மௌனம், மறுபடி விழும். முதல் தடவையே முழுதும் கேட்க முயல வேண்டாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். மூன்றாம் பகுதியில் தொடங்குங்கள். வீரன் ஒருவனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாய்ச்சவடால் அடிக்கும் பியோர்ன் என்பவனைக் கேலி செய்யும் பகுதி அது, ஐந்தில் சிரிப்பு மூட்டுவது அது ஒன்றுதான். ஓஸ்மோ வான்ஸ்கா ஐஸ்லாந்து ஆர்கெஸ்ட்ராவோடு செய்த பதிவு உண்டு. ஒலி அளவை மட்டும் நீல்சனுக்கு வைத்ததைவிடக் குறைத்தே வையுங்கள், பக்கத்து வீட்டில் தூங்குகிறவர்கள் இருந்தால் ஹெட்போன் கட்டாயம்.